யார் நுழையலாம், எதை முடித்தால் பட்டம்? பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பின் நிபந்தனைகள்

பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் படிப்பு நடத்தும் எந்த நிறுவனமும் இரண்டு கேள்விகளுக்கு விதி எழுதியாக வேண்டும். யாரைச் சேர்த்துக்கொள்வது? எதைச் செய்து காட்டினால் பட்டம் கொடுப்பது? மருத்துவத்திலும் சட்டத்திலும் இவற்றுக்கு ஏறக்குறைய நிலைத்த விடைகள் உண்டு. அங்கே பட்டத்துக்குப் பின்னால் உரிமம் நிற்கிறது, உரிமத்துக்குப் பின்னால் அரசின் சட்டம் நிற்கிறது. பொதுச் சுகாதாரத்திலோ இந்த இரு கேள்விகளும் சுமார் ஒன்றரை நூற்றாண்டாக விவாதத்தில் இருக்கின்றன. குடிநீர்க் குழாயையும் தடுப்பூசித் திட்டத்தையும் புள்ளிவிவரப் பதிவேட்டையும் ஒருசேரக் கவனிக்க வேண்டிய துறை இது. அதற்குள் மருத்துவர் மட்டுமே வரலாமா, பொறியாளரும் சமூகவியலாளரும் வரலாமா என்பதே முதல் சிக்கல். வந்தவர் தேர்வு எழுதினால் போதுமா, ஆய்வேடு கொடுக்க வேண்டுமா, களத்தில் வேலை செய்து காட்ட வேண்டுமா என்பது அடுத்த சிக்கல்.

இதுவரை சொல்லப்பட்ட விடைகளைச் சில நிலைப்பாடுகளாகப் பிரித்துப் பார்க்கலாம். அவை ஒன்றையொன்று முழுதாக அகற்றவில்லை. இன்றைய விதிப் புத்தகங்களில் அவை எல்லாவற்றின் தடயங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன.

மருத்துவருக்கு மட்டும்: பிரிட்டிஷ் டிப்ளமோ

முதல் விடை பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பிறந்தது. 1848ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்துக்குப் பின் நகராட்சிகள் சுகாதார அலுவலர்களை நியமிக்கத் தொடங்கின. ஆனால் அந்த வேலைக்கெனத் தனிக் கல்வி இல்லை. டப்ளினின் டிரினிட்டி கல்லூரி 1871இல் இதற்கென ஒரு தேர்வை நடத்தியது. கேம்பிரிட்ஜ் 1875இல் பின்தொடர்ந்தது. பின்னாளில் டி.பி.எச். என்று உலகெங்கும் அறியப்பட்ட பொதுச் சுகாதார டிப்ளமோவின் தொடக்கம் இதுதான்.

இந்த டிப்ளமோவுக்கு வலுவைக் கொடுத்தது பல்கலைக்கழகத்தின் பெயரைவிட, ஒரு நிர்வாகச் சட்டம். 1888ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம், 50,000 அல்லது அதற்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட பகுதிகளில் 1892 முதல் நியமிக்கப்படும் சுகாதார அலுவலர்கள் பொதுச் சுகாதாரத்தில் தகுதி பெற்றிருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. பதவிக்குத் தகுதி என்று எழுதப்பட்டதால் படிப்புக்கு மாணவர் வந்தனர். மாணவர் வந்ததால் படிப்பின் தரத்தைப் பொது மருத்துவக் கழகம் வரையறுக்க வேண்டியதாயிற்று. மருத்துவப் பட்டத்துக்குப் பிறகு ஒரு குறிப்பிட்ட காலம் கழிந்திருக்க வேண்டும், ஆய்வுக்கூடத்தில் பல மாதங்கள் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், பணியில் இருக்கும் ஒரு சுகாதார அலுவலரின் கீழ் நேரடியாக வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் வந்தன. இன்றைய களப்பயிற்சி விதிகளின் மூதாதை இந்த மூன்றாவது நிபந்தனைதான்.

இந்த நிலைப்பாட்டின் பலம் தெளிவு. நுழைவோர் யார் என்பதில் ஐயமில்லை, வெளியேறுபவர் எந்த நாற்காலியில் அமர்வார் என்பதிலும் ஐயமில்லை. பலவீனமும் அந்தத் தெளிவுக்குள்ளேயே இருக்கிறது. கழிவுநீரைச் சீர்செய்த பொறியாளரும் இறப்புப் பதிவேட்டைப் பகுத்துப் பார்த்த புள்ளியியலாளரும் இந்தத் துறையை உருவாக்கியவர்கள். டிப்ளமோ அவர்களுக்கு இடம் தரவில்லை. லண்டனில் காலரா பரவலை எதிர்த்த சீர்திருத்தங்களுக்கு முன்னின்ற எட்வின் சாட்விக் ஒரு வழக்கறிஞர். அவரும் இந்த விதியின்படி சேர்க்கைக்குத் தகுதியற்றவரே.

ஆய்வுக்கூடமா, அலுவலகமா: 1915ஆம் ஆண்டின் வெல்ச்–ரோஸ் அறிக்கை

இந்தக் கேள்வியை அமெரிக்கா வேறு விதமாகக் கேட்டது. ஹார்வர்டு பல்கலைக்கழகமும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனமும் இணைந்து 1913இல் சுகாதார அலுவலர்களுக்கான பள்ளி ஒன்றைத் தொடங்கின. அதை வழிநடத்தியவர்களுள் ஒருவரான வில்லியம் செட்ஜ்விக் மருத்துவர் அல்லர், உயிரியலாளர். சுகாதார அலுவலராக இருக்க மருத்துவப் பட்டம் கட்டாயமில்லை என்பது அவர் தரப்பு. அந்தப் பள்ளியும் மருத்துவரல்லாதோரைச் சேர்த்துக்கொண்டது.

ராக்ஃபெல்லர் அறக்கட்டளை இதே காலத்தில் இந்தத் துறையில் பெரும்பணத்தை இறக்கத் தயாரானது. கொக்கிப்புழு ஒழிப்பில் ஈடுபட்டிருந்த விக்லிஃப் ரோஸ், பயிற்சி பெற்ற முழுநேர அலுவலர்கள் இல்லாமல் எந்தத் திட்டமும் ஊர்ப்புறத்தில் நிலைக்காது என்று கண்டவர். மாநிலந்தோறும் பயிற்சிப் பள்ளிகள், அவற்றுக்குத் தலையாக ஒரு மையக் கல்விக்கூடம், நடைமுறைக்கு முதலிடம் என்பது அவர் எண்ணம். ஜான்ஸ் ஹாப்கின்ஸின் வில்லியம் ஹென்றி வெல்ச் ஜெர்மன் ஆய்வுக்கூட மரபில் பயின்றவர். நோயின் காரணத்தை ஆராயும் அறிவியல் நிறுவனமே அடித்தளம், அலுவலர் பயிற்சி அதிலிருந்து தானே கிளைக்கும் என்பது அவர் எண்ணம். இருவர் பெயரிலும் 1915இல் வெளியான அறிக்கை இறுதியில் வெல்ச்சின் பக்கமே சாய்ந்தது. 1916இல் நிறுவப்பட்டு 1918இல் மாணவரைச் சேர்த்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பள்ளிக்கு அவரே தலைமை ஏற்றார்.

அந்தப் பள்ளியின் தொடக்க விதிகள் கவனத்துக்குரியவை. மருத்துவருக்குப் பொதுச் சுகாதார முனைவர் பட்டம், மருத்துவரல்லாதோருக்கு அறிவியல் முனைவர் பட்டம், குறுகிய காலம் படிப்போருக்குச் சான்றிதழ் என்று வாசலிலேயே வழிகள் பிரிந்தன. மருத்துவரல்லாதோருக்கு நுழைவு கிடைத்தது, ஆனால் வேறு பெயருள்ள பட்டத்துக்கே. பெண்களும் ஆண்களோடு சமமாகச் சேர்க்கப்பட்டனர். அந்தக் காலத்தில் இது சிறிய செய்தி அல்ல.

வெல்ச்சின் பாதை உலகுக்கு நோய்ப்பரவலியலையும் உயிர்ப்புள்ளியியலையும் தனித் துறைகளாகத் தந்தது. அந்த நன்மையைக் குறைத்துப் பேச இயலாது. ஆனால் ரோஸ் கேட்ட ஆயிரக்கணக்கான மாவட்ட அலுவலர்களை உருவாக்கும் வேலை பின்தங்கிப் போனது. ஆய்வுக் கட்டுரை எழுதத் தெரிந்தவரைப் பட்டதாரி என்று ஏற்றுக்கொள்ளும் பழக்கம் அப்போது வேரூன்றியது. அமெரிக்க மருத்துவ நிறுவனம் 1988இல் வெளியிட்ட அறிக்கை, பொதுச் சுகாதாரப் பள்ளிகள் நடைமுறைப் பணியிலிருந்து விலகி நிற்கின்றன என்று குறை சொன்னது. எழுபது ஆண்டுகளுக்கு முன் எடுத்த முடிவின் விளைவாகவும் அதைக் கொள்ளலாம்.

ராக்ஃபெல்லர் பணம் ஆசியாவுக்கும் வந்தது. இலங்கையின் களுத்துறையில் 1926இல் தொடங்கிய சுகாதாரப் பிரிவும், கல்கத்தாவில் 1932இல் நிறுவப்பட்ட அகில இந்திய சுகாதார மற்றும் பொதுநலவாழ்வு நிறுவனமும் அதன் துணையோடு எழுந்தவை. களுத்துறை ரோஸின் எண்ணத்துக்கு நெருக்கமானது. ஒரு வரையறுத்த நிலப்பகுதி, அதற்குப் பொறுப்பான அலுவலர், அங்கேயே பயிற்சி என்பது அதன் அமைப்பு.

ஐந்து பாடங்களின் காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மருத்துவரல்லாதோரின் எண்ணிக்கை பெருகியது. பலவகைப் பின்னணியினர் ஒரே வகுப்பில் அமர்ந்தபோது, எல்லோருக்கும் பொதுவாக எதைக் கற்பிப்பது என்ற கேள்வி வந்தது. அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கம் 1940களிலிருந்து பள்ளிகளுக்கு அங்கீகாரம் வழங்கி வந்தது. 1974இல் அந்தப் பொறுப்பைப் பொதுச் சுகாதாரக் கல்விக் குழு என்ற தனி அமைப்பு ஏற்றது. உயிர்ப்புள்ளியியல், நோய்ப்பரவலியல், சுற்றுச்சூழல் சுகாதாரம், சுகாதாரச் சேவை நிர்வாகம், சமூக நடத்தை அறிவியல் என்ற ஐந்து பாடங்கள் எம்.பி.எச். எனப்படும் பொதுச் சுகாதார முதுநிலைப் பட்டத்தின் அச்சாயின.

இந்த ஏற்பாடு வாசலை அகலத் திறந்து, உள்ளே ஒரு பொதுத் தரையை அமைத்தது. எந்த இளங்கலைப் பட்டதாரியும் வரலாம், ஐந்து பாடங்களில் தேறாமல் வெளியேற முடியாது. ஓரிரு தலைமுறைக்கு இது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் ஐந்து துறைகளும் ஐந்து தனித் தீவுகளாகிவிட்டன என்ற குறை வளர்ந்தது. ஒரு மாணவர் ஐந்திலும் நல்ல மதிப்பெண் எடுத்துவிட்டு, ஒரு நகரின் வயிற்றுப்போக்குப் பரவலை எங்கிருந்து ஆராயத் தொடங்குவது என்று தெரியாமல் நிற்கக்கூடும். 2003இல் வெளியான மருத்துவ நிறுவனத்தின் இன்னோர் அறிக்கை, தகவலியல், மரபணுவியல், தொடர்பாடல், பண்பாட்டுப் புரிதல், மக்கள் பங்கேற்பு ஆராய்ச்சி, உலகச் சுகாதாரம், கொள்கையும் சட்டமும், அறநெறி என்ற எட்டுப் புதிய பகுதிகளைச் சேர்க்கச் சொன்னது. பாடங்களை மேலும் மேலும் கூட்டிக்கொண்டே போக முடியாது என்பதும் இந்தப் பட்டியலிலேயே தெரிந்தது.

என்ன படித்தார் என்பதிலிருந்து என்ன செய்ய முடியும் என்பதற்கு

2016இல் அந்தக் கல்விக் குழு தன் அளவுகோல்களைத் திருத்தியபோது ஐந்து பாடங்கள் என்ற அமைப்பையே கைவிட்டது. அதன் இடத்தில் எம்.பி.எச். மாணவருக்கு 22 அடிப்படைத் திறன்கள் வந்தன. தரவைப் பகுத்தல், திட்டமிடல், கொள்கை, தலைமை, தொடர்பாடல், பிற தொழிலினரோடு இணைந்து இயங்குதல் போன்ற எட்டுப் பிரிவுகளில் அவை அமைந்தன. ஒவ்வொரு திறனும் எந்த வகுப்பில் கற்பிக்கப்படுகிறது, எந்தப் பயிற்சியால் சோதிக்கப்படுகிறது என்று நிறுவனம் அட்டவணை போட்டுக் காட்ட வேண்டும். குறைந்தது 42 செமஸ்டர் கிரெடிட் என்ற அளவு தொடர்ந்தது.

பட்டத்துக்கான நிபந்தனைகளில் இரண்டு இங்கே முக்கியமானவை. ஒன்று நடைமுறைப் பயிற்சி. குறைந்தது ஐந்து திறன்களை மாணவர் வெளி நிறுவனம் ஒன்றின் வேலையில் காட்ட வேண்டும், அவற்றில் குறைந்தது மூன்று அடிப்படைத் திறன்களாக இருக்க வேண்டும், அந்த நிறுவனத்துக்குப் பயன்படும் ஆக்கங்கள் குறைந்தது இரண்டு கையில் இருக்க வேண்டும். ஒரு மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பதிவுகளின் பகுப்பாய்வு ஓர் ஆக்கமாகலாம். பணியாளருக்கான பயிற்சிக் கையேடு இன்னொன்றாகலாம். மற்றது, கற்றதை ஒருங்கிணைத்துக் காட்டும் இறுதி எழுத்துப் பணி. பொதுச் சுகாதார முனைவர் பட்டத்துக்கு 20 திறன்கள் தனியே வகுக்கப்பட்டன. முதுநிலைக்குப் பின் 36 செமஸ்டர் கிரெடிட் அதற்கு வேண்டும்.

திறன் அடிப்படையிலான விதியின் ஆதரவாளர்கள், பட்டத்தின் மதிப்பு வகுப்பில் கழித்த மணிகளில் இல்லை என்கிறார்கள். அந்த வாதம் ஏற்கத்தக்கது. மாணவர் எத்தனை மணிநேரம் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார் என்று எண்ணுவதைவிட, அங்கே எதைச் செய்து கொடுத்தார் என்று கேட்பது மேலானது. எதிர்த்தரப்பின் குறையும் கனமானது. 22 திறன்களையும் தனித்தனிப் பெட்டிகளாக நிரப்பிக் காட்டும் வேலை ஆசிரியரைத் தாள்களுக்குள் புதைக்கக்கூடும். ஒரு கட்டுரையால் ஒரு திறன் சோதிக்கப்பட்டது என்று அட்டவணையில் எழுதுவது எளிது. அந்தத் திறன் இரண்டு ஆண்டு கழித்துப் பணியிடத்தில் நிற்கிறதா என்பதை அட்டவணை காட்டாது.

வாசலில் இன்று வைக்கப்படும் சல்லடைகள்

அமெரிக்கப் பள்ளிகளில் சேர நெடுங்காலம் ஜி.ஆர்.இ. தேர்வு மதிப்பெண் கேட்கப்பட்டது. அந்த மதிப்பெண் முதலாண்டுப் பாடங்களில் மாணவர் எப்படித் தேறுவார் என்பதை ஓரளவுக்குக் காட்டலாம், ஆனால் நல்ல பொதுச் சுகாதாரப் பணியாளரை இனங்காட்டுவதாகச் சொல்ல முடியாது என்று விமர்சகர்கள் கூறினர். தேர்வுக் கட்டணமும் பயிற்சிச் செலவும் ஏழை மாணவரை விலக்குகின்றன என்பது இன்னொரு வாதம். கோவிட் காலத்தில் தேர்வு மையங்கள் மூடப்பட்டபோது பல பள்ளிகள் அந்த விதியைத் தளர்த்தின. அவற்றில் கணிசமானவை திரும்பக் கொண்டுவரவில்லை. அதனால் நோக்க அறிக்கை, பரிந்துரைக் கடிதம், பணி அனுபவம் ஆகியவற்றின் எடை கூடியது. இவை நியாயமான அளவுகோல்கள்தாமா என்பதும் கேட்கப்பட வேண்டியதே. நல்ல பரிந்துரைக் கடிதம் கிடைப்பது பெரும்பாலும் மாணவர் முன்பு படித்த கல்லூரியைப் பொறுத்தது.

பணி அனுபவத்தை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதில் ஹார்வர்டின் ஏற்பாடு ஒரு தெளிவான மாதிரி. அங்கே 45 கிரெடிட் எம்.பி.எச். ஒன்றும் 65 கிரெடிட் எம்.பி.எச். ஒன்றும் உண்டு. முன்பே முனைவர் அல்லது தொழில்சார் பட்டமோ, முதுநிலைப் பட்டத்தோடு கணிசமான அனுபவமோ உடையவருக்கு முதலாவது. அவை குறைந்தவருக்கு இரண்டாவது. நுழைவில் குறைந்ததை உள்ளே கூடுதல் படிப்பால் ஈடுசெய்யும் வழி இது. ஜான்ஸ் ஹாப்கின்ஸின் முழுநேர எம்.பி.எச். 11 மாதத்தில் 80 காலாண்டுக் கிரெடிட்டைக் கேட்கிறது. அனுபவமுள்ளவரே இந்த வேகத்தைத் தாங்க முடியும் என்ற எதிர்பார்ப்பு அதற்குள் இருக்கிறது. லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் ஓராண்டு எம்.எஸ்சி. 180 கிரெடிட். அங்கே வகுப்புப் பாடங்களின் முடிவில் ஆய்வுத் திட்டம் ஒன்று நிற்கிறது. இவற்றின் கிரெடிட் எண்களை நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது, மூன்றும் மூன்று வெவ்வேறு கணக்கு முறைகள். வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் தமிழ் மாணவர்கள் பலர் இந்த எண்களை ஒப்பிட்டுக் குழம்புவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பதிவேட்டின் சிறு விதிகள்

கொள்கை விவாதங்களில் அதிகம் பேசப்படாத ஒரு விதித் தொகுப்பு உண்டு. மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் தொடர்ச்சியாகப் பெயர் பதிந்திருக்க வேண்டும். முழுநேர மாணவர் என்றால் இத்தனை கிரெடிட் எடுக்க வேண்டும். சராசரி மதிப்பு பொதுவாக ‘பி’ தரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் படிப்பை முடிக்க வேண்டும். விடுப்பு எடுத்தால் முன் அனுமதி வேண்டும். அமெரிக்காவில் மாணவர் விசாவில் இருப்பவர் முழுநேரப் பதிவை இழந்தால் அங்கே தங்கும் உரிமையும் சிக்கலாகும்.

இவை வெறும் அலுவலகச் சடங்குகள் போலத் தோன்றினாலும், யார் பட்டம் பெறுகிறார், யார் பாதியில் நிற்கிறார் என்பதைப் பல நேரங்களில் தீர்மானிப்பவை இவையே. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருக்கும் முனைவர் மாணவரிடம் தொடர்பதிவுக்கான கட்டணம் வாங்கப்படுகிறது. நிறுவனத்தின் நியாயம், வழிகாட்டியின் நேரமும் நூலகமும் அவருக்குத் தொடர்ந்து கிடைக்கின்றன என்பது. மாணவரின் நிலையில், உதவித்தொகை முடிந்த பின் வரும் இந்தச் செலவே படிப்பை விடும் காரணமாகலாம். பொதுச் சுகாதாரத்தில் இது கூடுதலாக உறுத்துகிறது. இங்கே படிப்பவரில் பலர் ஏற்கெனவே சுகாதாரத் துறைப் பணியில் இருப்பவர்கள். ஒரு கொள்ளைநோய் வந்தால் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள் அவர்களே.

முனைவர் நிலையில் பொது வடிவம் பல நாடுகளில் ஏறக்குறைய ஒன்றே. பாடங்கள், தகுதித் தேர்வு, ஆய்வு முன்வரைவுக்கு ஒப்புதல், மனிதர் தொடர்பான ஆய்வுக்கு அறநெறிக் குழுவின் அனுமதி, ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள் குறைந்தது மூன்று ஆண்டு, மிகுதியாக ஆறு ஆண்டு என்று காலத்தை வரையறுத்து, நீட்டிப்புக்கும் இடம் தருகின்றன. பெண் ஆய்வாளருக்குக் கூடுதல் சலுகைக் காலமும் 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் உண்டு. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற பழைய கட்டாயத்தை அந்த விதிகள் நீக்கின. தரமற்ற கட்டண இதழ்கள் பெருகியதற்கு அந்தக் கட்டாயமும் ஒரு காரணம் என்பதால் நீக்கியது சரியே. ஆனால் மாவட்ட அளவிலான நல்ல ஆய்வுகள் அச்சேறாமல் நூலக அலமாரியிலேயே தங்கிவிடும் அபாயமும் அதோடு வருகிறது.

தேர்வு, பதிவு, உரிமம்

பட்டம் கொடுக்கும் நிறுவனமே தன் மாணவரைச் சோதிப்பது போதாது, வெளியிலிருந்து ஒரு சான்று வேண்டும் என்பது இன்னொரு நிலைப்பாடு. அமெரிக்காவில் பொதுச் சுகாதாரத் தேர்வாளர்களின் தேசிய வாரியம் 2008இல் முதல் சான்றிதழ்த் தேர்வை நடத்தியது. தொடக்கத்தில் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளின் மாணவருக்கே உரியதாயிருந்த அந்தத் தேர்வு, பிறகு அனுபவமுள்ள பிறருக்கும் திறந்துவிடப்பட்டது. எழுதுவதும் எழுதாததும் அவரவர் விருப்பம். வேலைக்கு அது பரவலாகக் கேட்கப்படாதவரை அதன் செல்வாக்கு வரம்புக்குட்பட்டதே.

பிரிட்டன் வேறு வழியில் சென்றது. 1972இல் மருத்துவருக்கென உருவான சமூக மருத்துவப் புலம், பின்னர் பொதுச் சுகாதாரப் புலமாக மாறி, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவரல்லாதோருக்கும் நிபுணர் பயிற்சியைத் திறந்தது. அவர்களுக்கான பதிவேடு 2003இல் வந்தது. போட்டி மிகுந்த சேர்க்கை, ஊதியத்தோடு பல ஆண்டுப் பயிற்சி, எழுத்துத் தேர்வு, நடைமுறைத் தேர்வு, இறுதியில் பதிவு என்று அந்தப் பாதை செல்கிறது. முதுநிலைப் பட்டம் அதில் ஒரு படி மட்டுமே. 1888ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவருக்கு மட்டும் திறந்த வழியை, அதே நாடு கடுமையைக் குறைக்காமல் மற்றவர்க்கும் விரித்தது என்பது கவனிக்கத்தக்கது. இலங்கை மருத்துவர் வழியையே தொடர்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் சமூக மருத்துவ முதுநிலைப் பட்டம், அதன்மேல் ஆய்வேட்டோடு எம்.டி., அதன்மேல் வெளிநாட்டுப் பயிற்சியும் சபைச் சான்றும் என்று ஏணி நீளுகிறது.

களத்தையே வகுப்பாக்கிய வழி

வெல்ச்சுக்கும் ரோஸுக்கும் இடையிலான பிளவுக்கு மிக நெருக்கமான தீர்வு பல்கலைக்கழகத்துக்கு வெளியே உருவானது. அமெரிக்காவில் அலெக்சாண்டர் லாங்முயர் 1951இல் தொற்றுநோய்ப் புலனாய்வுச் சேவையைத் தொடங்கினார். இளம் அலுவலர்கள் சில வார வகுப்புக்குப் பின் நேராக நோய்ப் பரவல் நடக்கும் இடத்துக்கு அனுப்பப்பட்டனர். அந்த மாதிரியில் களநோய்ப்பரவலியல் பயிற்சித் திட்டங்கள் 1975இல் கனடாவிலும் 1980இல் தாய்லாந்திலும் தொடங்கி உலகெங்கும் பரவின. சென்னை தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் 2001இல் இரண்டாண்டுப் பயிற்சியாக இதைத் தொடங்கியது. அதற்கான முதுநிலைப் பட்டத்தைத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் வழங்கியது.

இந்தப் படிப்பின் வெளியேறும் நிபந்தனைகள் மற்றெல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டவை. ஏறக்குறைய கால் பங்கு நேரம் வகுப்பில், முக்கால் பங்கு தன் மாவட்டத்தில். நோய்ப் பரவல் ஒன்றை நேரில் ஆராய்ந்திருக்க வேண்டும். தன் பகுதியின் நோய்க் கண்காணிப்பு முறையை மதிப்பிட்டிருக்க வேண்டும். கண்காணிப்புத் தரவைப் பகுத்து அறிக்கை தர வேண்டும். ஓர் ஆய்வை வடிவமைத்து முடிக்க வேண்டும். இங்கே திறன் என்பதற்குத் தனிப் பட்டியல் தேவைப்படவில்லை, செய்த வேலையே சான்று. மஞ்சள்காமாலை ஏன் ஒரு தெருவில் மட்டும் வந்தது என்று குடிநீர்க் குழாயின் வரைபடத்தோடு காட்டிய அறிக்கை எந்தத் தேர்வுத் தாளையும்விட அதிகம் சொல்லும்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. ஒவ்வொரு மாணவரோடும் அனுபவமிக்க வழிகாட்டி ஒருவர் தொடர்ந்து இருக்க வேண்டும் என்பதால் ஆண்டுக்குச் சிலரையே பயிற்றுவிக்க முடியும். பெரும்பாலும் அரசுப் பணியில் இருப்பவர்களே அனுப்பப்படுகிறார்கள். புதிதாகப் பட்டம் பெற்று வரும் இளைஞருக்கு இதில் இடம் குறைவு. நல்ல நோய்ப் பரவல் ஒன்று கிடைத்தால்தான் நல்ல ஆய்வு கிடைக்கும் என்ற தற்செயலும் இருக்கிறது.

இந்தியா: திறந்த வாசல், வழி தெரியாத வெளியேற்றம்

இந்தியாவில் நெடுங்காலம் பிரிட்டிஷ் மரபே தொடர்ந்தது. எம்.பி.பி.எஸ். முடித்தவருக்கு டி.பி.எச்., அதற்கு மேல் சமூக மருத்துவத்தில் மூன்றாண்டு எம்.டி. எம்.டி.க்குச் சேர்க்கை நீட் முதுநிலைத் தேர்வின் தரவரிசையால் நடக்கிறது. வெளியேற ஆய்வேடும் பல்கலைக்கழகத் தேர்வும் வேண்டும். மாவட்ட மருத்துவ அமைப்பில் மூன்று மாதப் பணி எல்லா எம்.டி., எம்.எஸ். மாணவருக்கும் கட்டாயமாக்கப்பட்டது அண்மைய மாற்றம். அறுவை மருத்துவ மாணவரும் மாவட்ட மருத்துவமனையின் நிலையைப் பார்க்க நேர்வது இதன் நல்ல விளைவு. சமூக மருத்துவ மாணவருக்கோ அது தொடக்கமாகத்தான் இருக்க முடியும், மூன்று மாதம் போதாது. தரவரிசைப் போட்டியில் மருத்துவ மாணவர்கள் சமூக மருத்துவத்தை முதல் விருப்பமாக எடுப்பது குறைவு என்பது அந்தத் துறையினரே நெடுநாளாகச் சொல்லிவரும் குறை.

எம்.பி.எச். 1997இல் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனோன் மையத்தில் தொடங்கியது. 2006இல் இந்தியப் பொதுச் சுகாதார அறக்கட்டளை உருவானபின் பல பல்கலைக்கழகங்கள் இந்தப் பட்டத்தைத் தொடங்கின. இன்று பல் மருத்துவர், செவிலியர், சித்த மருத்துவர், புள்ளியியலாளர், சமூகப் பணியாளர் எனப் பலரும் சேர்கின்றனர். மத்திய சுகாதார அமைச்சகம் 2018இல் ஒரு மாதிரிப் பாடத்திட்டக் கையேட்டை வெளியிட்டது. இரண்டாண்டுக் காலம், பலவகைப் பட்டதாரிகளுக்கு இடம், களப்பயிற்சி, ஆய்வேடு என்று அது வழிகாட்டுகிறது. ஆனால் அது மாதிரிதான், கட்டளை அல்ல. மருத்துவப் படிப்புக்கு இருப்பதுபோல எம்.பி.எச்.சுக்கென ஒரே ஒழுங்குமுறை அமைப்பு இல்லாததால், களப்பயிற்சி ஓரிடத்தில் பல மாதமாகவும் இன்னோரிடத்தில் சில வாரமாகவும் இருக்கிறது. ஒரே பெயருள்ள பட்டங்களின் எடை வேறுவேறாகிறது. இதனால் முதலில் பாதிக்கப்படுபவர் கடன் வாங்கிப் படித்த மருத்துவரல்லாத மாணவரே. அவர் பட்டத்தைக் கேட்கும் அரசுப் பதவி பல மாநிலங்களில் இல்லை. ஒப்பந்தத் திட்டப் பணிகளும் தொண்டு நிறுவனங்களுமே அவருக்கு எஞ்சுகின்றன.

தமிழ்நாட்டின் வரலாறு இங்கே நேரடியாகப் பொருந்துகிறது. 1939ஆம் ஆண்டின் மதராஸ் பொதுச் சுகாதாரச் சட்டமும், மருத்துவமனைப் பணியிலிருந்து பிரிந்த தனி இயக்ககமும், அதற்கென்று ஒரு பணிநிரலும் (கேடர்) இங்கே இருந்துவந்தன. நகர்நல அலுவலர், மாவட்டச் சுகாதார அலுவலர் போன்ற பதவிகளுக்கு வரும் மருத்துவர் பொதுச் சுகாதாரத் தகுதியைப் பெற வேண்டும் என்பது இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. மோனிகா தாஸ் குப்தாவும் உடன் எழுதியவர்களும் தமிழ்நாட்டைப் பிற மாநிலங்களோடு ஒப்பிட்டு எழுதியபோது சுட்டிக்காட்டிய வேறுபாடுகளில் இதுவும் ஒன்று. பதவி தகுதியைக் கேட்டது, தகுதி படிப்பைக் காப்பாற்றியது. 1888இல் பிரிட்டனில் நடந்ததும் இதுவே. அதே ஏற்பாட்டின் குறை, மருத்துவரல்லாத எம்.பி.எச். பட்டதாரிக்கு அந்தப் பணிநிரலில் இடம் இல்லாமை.

இன்னும் முடிவாகாதவை

இதுவரையிலான அனுபவம் சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்ல அனுமதிக்கிறது. மருத்துவப் பட்டத்தை மட்டும் நுழைவுத் தகுதியாக வைப்பதற்கு அறிவுசார் நியாயம் இன்று குறைவு. பாட எண்ணிக்கையைவிட, பார்த்துச் சோதிக்கக்கூடிய களப்பணி வலுவான வெளியேற்றச் சான்று. நுழைவு விதியும் வெளியேற்ற விதியும் எவ்வளவு கவனமாக எழுதப்பட்டாலும், வேலைக்கு எடுப்பவர் அந்தப் பட்டத்தைக் கேட்காத இடத்தில் அவை தளர்ந்துபோகின்றன.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் பல. களப்பணியைப் பெரும் எண்ணிக்கையில், சம தரத்தில் மதிப்பிட முடியுமா என்பது தீரவில்லை. நூறு மாணவரின் களஅறிக்கைகளை ஒரே அளவுகோலால் திருத்த, களம் தெரிந்த நூறு வழிகாட்டிகள் எங்கிருந்து வருவர்? இணையவழி எம்.பி.எச். பணியில் இருப்போருக்கு வாசலைத் திறக்கிறது. ஆனால் மாணவர் தன் சொந்த அலுவலகத்திலேயே களப்பயிற்சி செய்யும்போது, அவர் புதிதாகக் கற்றது எது, வழக்கமான வேலை எது என்று பிரிப்பது கடினம். நுழைவுத் தேர்வை நீக்கிய பள்ளிகளில் சேர்ந்தவர்கள் பணியில் எப்படிச் செயல்படுகிறார்கள் என்று நீண்டகால அளவில் சொல்ல இன்னும் சில ஆண்டுகள் வேண்டும்.

இந்தியாவைப் பொறுத்தவரை, 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை எல்லா மாநிலங்களிலும் பொதுச் சுகாதார மேலாண்மைப் பணிநிரல் அமைக்கச் சொன்னது. 2022இல் மத்திய அமைச்சகம் அதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டு, பொதுச் சுகாதாரத்துக்கும் சுகாதார மேலாண்மைக்கும் தனித்தனிப் பணிநிரல்களை முன்வைத்தது. சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருப்பதால், அதைப் பணிவிதியாக எழுத வேண்டியவை மாநில அரசுகள். அந்த விதிகளில் எம்.பி.எச். என்ற பட்டம் எந்தப் பதவிக்கு எதிரே எழுதப்படுகிறது, அதற்கு எவ்வளவு களப்பயிற்சி குறைந்தபட்சமாகக் கேட்கப்படுகிறது, செவிலியராகவோ புள்ளியியலாளராகவோ இருந்து அந்தப் பட்டத்தைப் பெற்றவர் எந்த நிலை வரை பதவி உயரலாம் என்ற மூன்றும் எழுதப்படும்வரை, பல்கலைக்கழகங்கள் எழுதும் சேர்க்கை விதிகளும் தேர்ச்சி விதிகளும் பாதி முடிந்தவையாகவே இருக்கும்.